குடாநாட்டின் கணக்குச் சோதனை

1829 மார்ச்சில் வந்த ஒரு சந்திரகிரகணம் யாழ்ப்பாணத்தில் பெரிய வாக்குவாதத்தைக் கிளப்பியது. அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் ஒரு நேரத்தைச் சொன்னது. பக்கத்து ஊரான வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் நடத்திய செமினரியின் அதிபர் டானியல் பூவர் வேறொரு நேரத்தைச் சொன்னார். கிரகணம் எப்போது தொடங்கும், நிலவில் எவ்வளவு மறையும், எவ்வளவு நேரம் நீடிக்கும் என்ற மூன்றிலும் இருவர் கணக்கும் ஒத்துவரவில்லை. பூவரிடம் படித்த பையன்களிலேயே சாஸ்திரியாரை நம்பியவர்கள் இருந்தார்கள். அன்று நிலவு எழுந்ததும் மணிக்கூட்டை வைத்துப் பார்த்தார்கள். பூவர் சொன்னதே சரியாக வந்தது. மிஷன்காரர் இந்தக் கதையைப் பல பத்தாண்டுகள் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள்.

சாஸ்திரியாரின் தோல்வியை அவ்வளவு அவசரப்பட்டுக் கொண்டாட வேண்டியதில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன், 1825இல், புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் நிலத்தில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக இருந்த வாய்பாடுகளை மட்டும் கொண்டு ஒரு கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். ஜோன் வாரன் என்ற படை அதிகாரி அதைத் தன் ‘கால சங்கலித’ நூலில் பதிவுசெய்தார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிழை. எழுதுகோலைத் தொடாத ஒருவர், பல நூற்றாண்டுப் பழைய எண்களை வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கியதுதான் ஆச்சரியம். அராலியில் தோற்றுப்போனது இதே மரபு. ஆனால் அன்று முதல் யாழ்ப்பாணத்தில் ஒரு எண்ணம் வேர்விட்டது: கணக்கில் வல்லவர் யார் என்பதை ஊரறிய நடக்கும் ஒரு சோதனை தீர்மானிக்கலாம்.

அதற்கு முன்னும் குடாநாட்டில் கணக்கு இல்லாமல் இல்லை. திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிப் பழகிய பிள்ளை எண்சுவடியை ஒப்பித்தது. முந்திரி, காணி, மா என்ற பின்னங்கள் வரை போனவர்கள் கணக்குப்பிள்ளை ஆனார்கள். நிலத்தை அளக்கவே ஒரு தனிக் கணக்கு வேண்டியிருந்தது. நெற்பரப்பு என்றால் 12 குளி, வரகுப்பரப்பு என்றால் 18 குளி. முன்னதில் 24 சேர்ந்தால் ஒரு ஏக்கர், பின்னதில் 16 போதும். காணி உறுதி எழுதும் இடத்தில் இந்த வித்தியாசம் தெரியாதவன் ஏமாந்துபோவான். அந்தக் கல்விக்குச் சோதனைத் தாள் கிடையாது. தெரிந்தவரிடம் வேலைக்கு நின்று காட்டுவதுதான் சோதனை.

1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி இதை மாற்றியது. கேத்திரகணிதம், அட்சரகணிதம், திரிகோணகணிதம், வானசாஸ்திரம் எல்லாம் அங்கே பாடமாயின. 1840களில் வந்து பார்த்த எமர்சன் ரெனென்ற் என்ற குடியேற்ற நாட்டுச் செயலாளர், இதை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்குச் சமமாக வைக்கலாம் என்று எழுதிவிட்டுப் போனார். பூவருக்குப் பின் வந்த ஹொய்சிங்டன் 1848இல் தமிழ் வானசாஸ்திரத்தை ஆங்கில மொழிபெயர்ப்போடும் விளக்கத்தோடும் அச்சிட்டார். கறல் விசுவநாதபிள்ளை தமிழில் எழுதிய ‘வீசகணிதம்’ 1855இல் வெளிவந்தது. அந்த ஆண்டிலேயே செமினரி இழுத்து மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி பெற்ற பையன்கள் ஊழியம் செய்வதை விட்டு உத்தியோகத்துக்கு ஓடுகிறார்கள் என்று பொஸ்ரனில் இருந்த மிஷன் தலைமை கண்டுபிடித்திருந்தது. கண்டுபிடித்தது சரிதான். 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரும் அந்தச் செமினரியில் படித்தவர்கள்: ஒருவர் வீசகணிதம் எழுதிய விசுவநாதபிள்ளை, மற்றவர் பின்னாளில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்த சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை. தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் நிற்கும் அந்தப் பெரிய பெயரும் ஒரு சோதனை மண்டபத்தின் வழியாகத்தான் வெளியே வந்தது.

1880இல் கேம்பிரிட்ஜ் உள்ளூர்ச் சோதனை இலங்கைக்கு வந்தது. லண்டன் மெற்றிக்குலேசனும் சேர்ந்துகொண்டது. வினாத்தாள் கப்பலில் வந்தது, விடைத்தாள் கப்பலில் போனது. இலங்கை 1872இலேயே ரூபாவுக்கு 100 சதம் என்ற தசமக் காசுக்கு மாறிவிட்டது. ஆனால் பரீட்சைக் கணக்கில் பவுண், சிலிங், பென்ஸ். 12 பென்ஸ் ஒரு சிலிங், 20 சிலிங் ஒரு பவுண் என்று, தன் வாழ்நாளில் கையால் தொடாத நாணயத்தில் வட்டியும் இலாபமும் கண்டுபிடித்தான் மானிப்பாய்ப் பையன். அவனுக்கு அது வீண்வேலையாகத் தெரியவில்லை. கேம்பிரிட்ஜ் சீனியர் பாஸ் பண்ணினால் எழுதுவினைஞர் வேலை, அதுவும் இல்லையென்றால் மலாயாவில் ரயில்வே. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கும் செம்மண்ணில், கிணற்று நீரை இறைத்து இறைத்துப் புகையிலை வளர்த்தவர்கள், ஐந்தாறு பரப்புக் காணியைப் பிள்ளைகளுக்குப் பங்குபோட்டால் என்ன மிஞ்சும் என்பதை எந்தச் சூத்திரமும் இல்லாமலே அறிந்திருந்தார்கள். மாதச் சம்பளமும் மலாயாவிலிருந்து வரும் மணியோடரும் சோதனையின் மறுபக்கத்தில் இருந்தன.

ஆனால் எல்லாரும் உத்தியோகத்துக்காகவே கணக்குப் படித்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. காரைநகரில் பிறந்து யாழ்ப்பாணக் கல்லூரியில் கணிதம் கற்பித்த அலன் ஆபிரகாம், 1910இல் ஹலி வால்வெள்ளி வந்தபோது அதன் பாதையைத் தானே கணித்தார். 1912இல் லண்டன் அரச வானியல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக்கியது. உரும்பிராயில் பிறந்த சி. சுந்தரலிங்கம் சிவில் சேவையை விட்டுவிட்டுக் கொழும்பில் கணிதப் பேராசிரியரானார். அரசியலுக்குப் போய்ச் சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையிலும் இருந்தார். சி.ஜே. எலியேசர் கேம்பிரிட்ஜில் போல் டிராக்கிடம் ஆய்வுசெய்து திரும்பி, கொழும்பில் கணிதப் பேராசிரியர் ஆனார்.

இந்தப் பெருமையின் ஓரத்தில் வேறொரு வரலாறும் இருக்கிறது. சோதனை மண்டபம் எல்லாருக்கும் ஒன்றுதான். அதற்கு முன்னால் இருந்த வகுப்பறை அப்படியில்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பல பள்ளிகளில் தரையில் இருந்தார்கள். பலவற்றில் வாசலையே தாண்டவில்லை. 1930ஐ ஒட்டி, அரச உதவி பெறும் பள்ளிகளில் சம ஆசனம் வேண்டும் என்ற விதியை நடைமுறைப்படுத்த முயன்றபோது குடாநாட்டில் பள்ளிக்கூடங்கள் கொளுத்தப்பட்டன. ‘திறமைக்கு இடம்’ என்று யாழ்ப்பாணம் பின்னர் கொழும்பைப் பார்த்துச் சொன்னபோது, அந்தத் திறமையை வளர்த்துக்கொள்ள வீட்டுக்குள்ளேயே யாரை விட்டார்கள், யாரைத் தடுத்தார்கள் என்ற கேள்வியும் கூடவே நிற்கத்தான் செய்தது.

1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. கேம்பிரிட்ஜ் போய், எஸ்.எஸ்.சி. வந்து, 1952 முதல் கல்விப் பொதுத் தராதர (க.பொ.த.) சாதாரணதரம் ஆயிற்று. பயிற்றுமொழி ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் சிங்களத்துக்கும் படிப்படியாக மாறியது. ஒரே வினாத்தாளை மூன்று மொழிகளில் அச்சிட்டு மூன்று அணியினர் திருத்தும் முறை அப்போதுதான் உருவானது. அது ஒருநாள் வம்பில் மாட்டும் என்று யாரும் நினைக்கவில்லை. 1956இன் அரசகரும மொழிச் சட்டத்துக்குப் பின் எழுதுவினைஞர் வேலைக்குச் சிங்களம் வேண்டியிருந்தது. பாலம் கட்டவும் நோயைக் குணப்படுத்தவும் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. குடாநாட்டின் கெட்டிக்காரப் பிள்ளைகள் மொத்தமாகத் தூய கணிதம், பிரயோக கணிதம், பௌதிகம், இரசாயனம் என்ற நான்கு பாடங்களுக்குள்ளும், உயிரியல் பக்கத்துக்குள்ளும் திரும்பினார்கள். ஆய்வுகூடமும் பட்டதாரி ஆசிரியரும் உள்ள மிஷன் பள்ளிகளும் இந்துப் பள்ளிகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. 1969இல் நாட்டின் சனத்தொகையில் 7 வீதமே கொண்ட வட மாகாணம், பல்கலைக்கழக விஞ்ஞானத் துறைகளுக்குப் போனவர்களில் 27.5 வீதத்தைக் கொடுத்தது.

அடுத்த ஆண்டே கதை திரும்பியது. பொறியியலுக்குத் தெரிவானவர்களில் தமிழ்ப் பிள்ளைகளின் எண்ணிக்கை மிகக் கூடியிருக்கிறது, தமிழ்மொழித் திருத்துநர்கள் புள்ளியை அள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு கொழும்பில் எழுந்தது. அது நிரூபிக்கப்படவில்லை. ஆனால் 1971 அனுமதியில் இரண்டு வெட்டுப்புள்ளிகள் வந்துவிட்டன. நான்கு பாடங்களுக்கும் சேர்த்து 400 புள்ளி. பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்களமொழி மாணவனுக்கு 227 போதும்; தமிழ்மொழி மாணவனுக்கு 250 வேண்டும். கட்டுபெத்தைப் பொறியியலுக்கு 212, 232. மருத்துவத்துக்கு 229, 250.

இந்த எண்களை யாழ்ப்பாணம் எப்படி வாசித்தது என்பதைப் புரிந்துகொள்ள, அந்தத் தாளை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரே கேள்வி, ஒரே தேற்றம், ஒரே விடை. கணக்கில் சரியென்றால் சரி, பிழையென்றால் பிழை. கட்டுரைப் பாடம்போலத் திருத்துபவரின் மனம் நுழைய அங்கே இடுக்கு மிகச் சிறிது. அப்படியொரு பாடத்தில் 240 எடுத்தவன் வீட்டில் இருக்க, 230 எடுத்தவன் பேராதனைக்கு ரயில் ஏறினான். மொழி, காணி, குடியேற்றம் பற்றிய தகராறுகளைப் பெரியவர்களின் அரசியல் என்று ஒதுக்கி வைத்திருந்த உயர்தர வகுப்புப் பையனுக்கு, அரசியல் இப்போது சுட்டெண்ணோடு சேர்த்துத் தபாலில் வந்தது. 1970இலேயே தமிழ் மாணவர் பேரவை உருவாகி ஊர்வலங்கள் நடந்தன. பின்னாளில் ஆயுதம் தூக்கிய பலர் அந்த ஊர்வலங்களில் நடந்தவர்கள்.

1973இல் ‘தரப்படுத்தல்’ முறைப்படி வந்தது. ஒவ்வொரு மொழிமூலத்தின் புள்ளிகளையும் ஒரு பொது அளவுக்கு மாற்றி, எந்த மொழியில் எத்தனை பேர் தோற்றினார்களோ அந்த விகிதத்தில் இடம் கிடைக்கும்படி செய்தார்கள். 1974இல் மாவட்ட ஒதுக்கீடு அதன்மேல் ஏறியது. அதே வட மாகாணத்தின் பங்கு 27.5இலிருந்து 7 வீதமானது. பொறியியலில் தமிழரின் பங்கு 1969இல் 48.3 வீதம், 1974இல் 16.3.

இதில் இரண்டு விஷயங்கள் கலந்துபோய்விட்டன. பிரித்துப் பார்ப்பவர்கள் இன்றும் குறைவு. மொழியைப் பார்த்துப் புள்ளியை மாற்றுவதற்குக் கல்வியில் எந்த நியாயமும் இல்லை. அது அரசியல் தீர்மானம், வெளியே மட்டும் கணக்கு உடுப்பு. மாவட்ட ஒதுக்கீடு வேறு வகை. ஆய்வுகூடமே காணாத மொனராகலைப் பிள்ளையையும் யாழ்ப்பாணக் கல்லூரிகளின் பிள்ளையையும் ஒரே கோட்டில் நிறுத்துவது நீதியா என்ற கேள்வி அதற்குள் இருந்தது. மன்னார், வவுனியா, மட்டக்களப்புத் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் சிலரும் அதே கதவால்தான் உள்ளே போனார்கள். யாழ்ப்பாணத்து மேடைகளில் அதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கொழும்பு மேடைகளிலோ முதல் விஷயத்தை மறைக்கவே இரண்டாவதைச் சொன்னார்கள்.

இதே காலத்தில் பாடத்திட்டமும் புரண்டது. 1972இன் கல்விச் சீர்திருத்தம் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயமாக்கியது. சாதாரணதரம் போய்த் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ் வந்தது; அதன் முதல் சோதனை 1975இல். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 1960களில் பரவிய ‘புதிய கணிதம்’, தொடைகளோடும் வென் வரிப்படங்களோடும் குடாநாட்டு வகுப்புக்குள்ளும் நுழைந்தது. வாய்பாட்டை ஒப்பித்த அப்பாக்களுக்கு மகனின் கொப்பியில் இருக்கும் வட்டங்கள் விளங்கவில்லை. 1977 ஆட்சி மாற்றத்தோடு அதெல்லாம் தூக்கி வைக்கப்பட்டு, பழைய க.பொ.த. திரும்பியது. ஐந்தாறு ஆண்டுப் பிள்ளைகள் நடுவழியில் பெயர் மாறிய சான்றிதழோடு நின்றார்கள்.

1974 அக்டோபரில் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திறந்தது. முதல் தலைவர் க. கைலாசபதி. விஞ்ஞான பீடம் தொடங்கிய இடம் வட்டுக்கோட்டை, பழைய செமினரி வளவு. இன்னொரு பக்கம், ஓலைக்கொட்டில்களில் ரியூட்டரிகள் பெருகின. ஏறிப்போன வெட்டுப்புள்ளிக்கு ஈடுகொடுக்க, பள்ளிக்கூடம் முடிந்த பிறகு இன்னொரு பள்ளிக்கூடம். பத்து வருட பாஸ் பேப்பரைச் செய்து முடித்தவன்தான் சோதனைக்குத் தயார் என்று ஆயிற்று. கேள்வியைக் கண்டவுடன் எந்த வருடத்துக் கேள்வி என்று சொல்லும் பையன்கள் உண்டானார்கள். கணிதத்துக்கு அது நல்லதா என்பது வேறு விஷயம்; அலன் ஆபிரகாம் வால்வெள்ளியைத் தேடிப் போனது பாஸ் பேப்பருக்காக அல்ல.

போரினால் 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அது வரவில்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரி போட்டு, மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாகச் செலவழிக்கும் விளக்கில் தொகையீடும் விசையியலும் படித்தார்கள். பற்றரி தடை, பள்ளி வளவில் பதுங்குகுழி. 1995 அக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, தென்மராட்சி, வடமராட்சிப் பள்ளிகளில் காலையில் ஊர்ப் பள்ளியும் பின்னேரம் இடம்பெயர்ந்த பள்ளியும் நடந்தன. மூட்டையில் அரிசியோடு பிரயோக கணிதக் கொப்பியும் போனது.  

போர் நடக்கும்போதே தாள் மறுபடி மாறியது. 2000ஆம் ஆண்டு உயர்தரத்தில் நான்கு பாடங்கள் மூன்றாயின. தூய கணிதமும் பிரயோக கணிதமும் சேர்ந்து ‘இணைந்த கணிதம்’ ஆயிற்று. இன்றும் அது இரண்டு தாள், ஒவ்வொன்றும் மூன்று மணித்தியாலம். அ பகுதியில் பத்துக் கேள்வியும் செய்ய வேண்டும், கேள்விக்கு 25. ஆ பகுதியில் ஏழில் ஐந்து, கேள்விக்கு 150. தாளுக்கு ஆயிரம். இரண்டு பாடமாக இருந்ததை ஒன்றாக்கினால் சுமை பாதியாகும் என்று நினைத்தவர்களுக்கு இணைந்த கணித வகுப்புப் பிள்ளைகள் தகுந்த பதில் வைத்திருக்கிறார்கள்.

2001 முதல் இசட் புள்ளி. ஒரு பாடத்தில் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பது. இணைந்த கணிதத்தில் சராசரி 45, விலகல் 15 என்றால், 75 எடுத்தவனுக்கு 2. இன்னொரு பாடத்தில் சராசரி 60, விலகல் 10 என்றால் அதே 75க்கு 1.5தான். மூன்று பாடத்தின் சராசரியை நான்கு தசம தானத்துக்கு எடுத்து வரிசைப்படுத்துவார்கள். கடினமான பாடம் எடுத்தவன் தண்டிக்கப்படக்கூடாது என்பது இதன் நோக்கம். 1973இன் தரப்படுத்தலைப்போல மொழியை இது பார்ப்பதில்லை. சூத்திரம் ஏறக்குறைய ஒரே குடும்பம்தான், எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பது வேறு. அது சின்ன விஷயமில்லை என்பதை 2011 உயர்தரம் காட்டியது. பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் புதியதில் எழுதியவர்களையும் ஒன்றாகக் கலந்து இசட் புள்ளி கணக்கிட்டு விட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2012இல் இரண்டையும் தனித்தனியே கணக்கிடும்படி தீர்ப்பானது. நீதியரசர்கள் புள்ளிவிபரவியல் கேட்ட வழக்கு அது.

இன்றைய படம் ஒரே நிறத்தில் இல்லை. 2017 உயர்தரத்தில் பௌதிக விஞ்ஞானப் பிரிவின் அகில இலங்கை முதலிடம் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரிக்குப் போனது. 2024ஆம் ஆண்டுச் சாதாரணதரப் பெறுபேறு வந்தபோது ஒன்பது மாகாணங்களில் வட மாகாணம் கடைசியில் நின்றது. போரின் கடைசி ஆண்டுகளைத் தாங்கிய வன்னியும் அதற்குள் சேரும் என்பது உண்மை. என்றாலும் தீவகத்திலும் கரையோரத்திலும் கணித ஆசிரியர் நிலைக்காத பள்ளிகள் யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. உயர்தரம் படிக்கக் கணிதச் சித்தி வேண்டும் என்ற நெடுங்கால விதி, அங்கே பலரை 16 வயதில் நிறுத்தியது. 2017இல் தொடங்கிய 13 ஆண்டுக் கட்டாயக் கல்வித் திட்டம் அவர்களுக்குத் தொழிற்பாடப் பக்கமாக ஒரு வழி திறந்தது. ஆனால் ‘கணிதப் பிரிவு’ என்று சொல்லும்போது வரும் மதிப்பு அந்தப் பக்கம் இன்னும் போகவில்லை.

அனுமதி விதி இப்போது 40, 55, 5: அகில இலங்கைத் திறமைக்கு 40 வீதம், மாவட்டச் சனத்தொகைக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிறது. அதன் வாசலில் ஒன்றாக நிற்கும் யாழ்ப்பாணப் பிள்ளையும் கிளிநொச்சிப் பிள்ளையும் வெவ்வேறு வெட்டுப்புள்ளியால் உள்ளே வந்திருப்பார்கள். உயர்தரத்துக்கு முந்திய மூன்று ஆண்டும் எந்த மாவட்டத்துப் பள்ளியில் படித்தாரோ அந்த மாவட்டம்தான் மாணவரின் மாவட்டம் என்பது விதி. அதனால் சாதாரணதரத்துக்கு முன்பே, பிள்ளையை ஆனையிறவுக்கு அப்பால் சொந்தக்காரர் வீட்டில் விட்டுப் படிப்பிப்பதா, இல்லை இங்கேயே ரியூசனுக்கு விட்டுப் போட்டியிட வைப்பதா என்ற கணக்கைக் குடாநாட்டுத் தாய் தகப்பன்மார் இப்போதும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.